கல்லொட்டிக்குக் காவல்

எங்கள் அம்மாசி அண்ணன் கோழியைக்கூட நம்பமாட்டார். முட்டையிட்டுவிட்டு அது கொக்கரித்தால், "இத்தன சத்தம் எதுக்குப் போடுது? அக்கட்டால எவனுக்கோ சேதி சொல்லுது" என்பார். இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். ஆறு மாதம் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. சிரிக்கிற பொம்பளை எதையோ மறைக்கிறாள் என்று தன் பெண்சாதி ராசம்மாளிடம் சொல்லியிருக்கிறார்.

நான் லூர்துசெல்வி. வெள்ளக்கடையிலிருந்து மலைமேல் ஏறும் மண் ரோட்டில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அங்கன்வாடிக்குப் பதினெட்டு வருடமாக டீச்சர். அங்கன்வாடியைச் சேர்த்து இங்கே ஐந்தே கட்டடங்கள். ஐந்துக்கும் தண்ணீர் அம்மாசி அண்ணனின் காட்டிலிருந்துதான் வருகிறது. அவரைப் பகைத்துக்கொண்டு ஒருவரும் இங்கே காலம் தள்ள முடியாது. இந்த மனுஷனைப் பற்றி ஒருநாள் எழுதியே தீரவேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஆசை என்ன ஆசை, ஆத்திரம். ஆனால் எழுத உட்கார்ந்தால் என் பங்கும் அதில் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் காப்பி, அதற்குள் மிளகுக்கொடி, ஓரத்தில் கொஞ்சம் சாமை, நாலு கொய்யா மரம். மிளகு எடுக்கச் சேலத்திலிருந்து வியாபாரி வந்தால், அவன் தராசைத் தொடுவதற்கு முன் இவர் அதில் ஏறி நின்று தன் எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். தடுப்பூசி போட வந்த நர்ஸிடம், "மொதல்ல நீங்க போட்டுக்கங்க, நான் ஒரு வாரம் கழிச்சு வாரேன்" என்றவர். அரிசிப் பானைக்குள் அரிசியின் மேல் விரலால் ஒரு கோடு கிழித்து வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். அந்த வீட்டில் இருந்தது அவரும் ராசம்மா அக்காவும் மட்டும். "நான் என்ன அரிசியத் தூக்கிக்கிட்டு ஓடியா போயிருவேன்?" என்று அக்கா கேட்டால், "நீ ஓடமாட்ட, அரிசி ஓடும்" என்பார்.

உலகத்தில் அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது ஒரு மீன்.

அவர் காட்டின் மேல்கோடியில் பாறை இடுக்கிலிருந்து ஓடை ஒன்று இறங்குகிறது. ஓரிடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தேங்கி, மறுபடி வழிந்து போகும். அந்தக் குழியில் கருங்குழாய் போட்டுத்தான் எங்கள் ஐந்து கட்டடத்துக்கும் தண்ணீர் வருகிறது. குழிக்குள் கிடக்கும் கற்களில் கல்லொட்டிகள் இருந்தன. விரல் நீளம், பாறையின் நிறம், வாய் முகத்துக்கு அடிப்பக்கம். கல்லில் ஒட்டிக்கொண்டால் ஓடை வெள்ளம் பிடித்து இழுத்தாலும் விடாது. மேலே வந்து வேடிக்கை காட்டாது, பொரி போட்டால் ஓடி வராது, கல்லோடு கல்லாகக் கிடக்கும். இவருக்கென்றே படைத்த மீன்.

கல்லொட்டி இருக்கிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. அது வேறு எதையும் தின்னாது, தண்ணீரை மட்டுமே தின்று உயிர் வாழும். ஆகவே தண்ணீரில் ஒரு துளி கெட்டது கலந்தாலும் கல்லை விட்டுவிட்டுச் செத்து மிதக்கும். இதுதான் பேச்சு. நானும் அப்படியே நம்பினேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அம்மாசி அண்ணன் குழியில் ஏழு மீன் வைத்திருந்தார். தண்ணீர் வழியும் இடத்தில் கொசுவலை கட்டி, ஒன்றும் தப்பிப் போகாமல் பார்த்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் குழிமேல் குனிந்து ஏழையும் எண்ணுவார். ஏழும் கல்லில் இருந்தால்தான் குழாயில் அடைத்திருக்கும் கட்டையைப் பிடுங்குவார். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிளற நான் குடத்தோடு நின்று கத்துவேன். "ஆறுதான் கண்ணுல படுது டீச்சர், இருங்க" என்று மேலேயிருந்து குரல் வரும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், புஷ்பலதா. அவள் அப்பனுக்கு நேர் எதிர், யாரையும் நம்பிவிடுவாள். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் யுவராஜைக் கட்டிக்கொண்டாள். அவன் பாட்டன் காலத்தில் மலைக்குக் கீழேயிருந்து வந்து, கூலியாட்களுக்கான எஸ்டேட் லைன் வீட்டில் குடியேறிய குடும்பம். அம்மாசி அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாப்பிள்ளை கீழ்நாட்டான் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அவன் மருந்து அடிக்கிறவன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, டாங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு காப்பிச் செடிக்கு அடிப்பது அவன் வேலை. "வெஷத்த முதுகுல சொமக்கறவன் ஊட்டுக்கா எம்புள்ள?" என்று கேட்டுவிட்டு அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வருடம் புஷ்பாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. டாக்டர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள். அம்மாசி அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. லைன் வீட்டுத் தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறது, மருமகன் கையால்தான் அந்த உயிர் போயிற்று என்று அவருக்கு முடிவாகிவிட்டது. இந்த வருடம் மறுபடி அவள் உண்டாகி ஆறாம் மாதம் ஆனபோது, சேலத்து டாக்டரம்மா, படுத்தே இருக்கவேண்டும், குலுங்குகிற வண்டியில் ஏறவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அம்மாசி அண்ணன் நாலு வருட வைராக்கியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கார் பிடித்துப் போய், தானே மகளை அழைத்து வந்தார். சித்திரை பிறந்த சமயம் அது.

என்னிடம் வந்து சொன்னார்: "எந்தண்ணியக் குடிச்சாத்தான் டீச்சர் இந்தக் கொழந்த நிக்கும். பெத்துப் பொழைக்கற வரைக்கும் அவள இந்த ஊட்ட உட்டு அசைய உடமாட்டேன்."

அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்று பாதி கரைந்துபோனது.

யுவராஜ் தினமும் சாயங்காலம் பைக்கில் வருவான். உள்ளே வா என்று மாமனார் சொல்லவில்லை, அதனால் வாசலில் நின்றபடியே புஷ்பாவோடு பேசிவிட்டுப் போவான். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். வேலைச் சட்டையைக் கழற்றி, குளித்து, தலைசீவிக்கொண்டுதான் வருவான். அதுவும் குற்றமாயிற்று. "குளிச்சுப்போட்டு வாரானாமா. எதக் கழுவிப்போட்டு வாரான்னு யாரு கண்டா?" என்று அண்ணன் எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

புஷ்பா வந்து நாலாவது வாரம். காலையில் நான் அங்கன்வாடிக் கதவைத் திறக்கிறேன், அம்மாசி அண்ணன் வாசலில் நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு செத்து மெதக்குது டீச்சர். வவுறெல்லாம் ஒட்டிப்போயிக் கெடக்குது. வெளிய சொல்லாதீங்க."

"வயசாகிச் செத்திருக்கும் அண்ணா."

"ரெண்டுக்கும் ஒரே நாள்லயா வயசாச்சு?"

அன்றிலிருந்து அந்த மனுஷன் தூங்கவில்லை. மகளுக்குக் கொடுக்கும் தண்ணீரை மூன்று தடவை கொதிக்கவைக்கச் சொல்லி ராசம்மா அக்காவின் உயிரை எடுத்தார். குழியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தார், யார் காலடி விழுகிறது என்று பார்க்க. விழுந்தது அவர் காலடி மட்டும்தான். வேறு ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். இவரோ, "நொம்பத் தேர்ந்தவன் டீச்சர். எஞ்செருப்பையே போட்டுக்கிட்டு வந்து போறான்" என்றார்! செருப்பை அன்று முதல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

என்னையும் விடவில்லை. ஒருநாள் மெதுவாக வந்து, "ஏனுங்க டீச்சர், உங்களுக்கு ஆபீஸ்ல பிளீச்சிங் பவுடர் குடுத்தாங்களாமே, அத எங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிரிக்காத பாக்கெட்டை எடுத்து வந்து அவர் கையில் திணித்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் சோதித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்படிக் கூடவே இருந்து சந்தேகப்படுகிறவரைப் பார்த்துப் பார்த்து, நமக்கும் அந்த நோய் ஒட்டிக்கொள்கிறது. குடத்தில் பிடித்த தண்ணீரை வாயில் ஊற்றும்முன் நானும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் செத்து, மீன் நாலாயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த வினோதம் நடந்தது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டீச்சர், ஏழு இருக்குது!"

"அப்பாடா! நல்லதாப் போச்சு அண்ணா."

"என்ன நல்லது? நேத்து நாலு, இன்னைக்கு ஏழு. ஒரே ராத்திரில வெரல் நீளத்துக்கு மூணு மீனு மொளைக்குமா? இதுல ரெண்டுக்கு மூக்குல வெள்ளப் புள்ளி இருக்குது. எம்மீனுக்கு ஏது புள்ளி? எம்மீனக் கொன்னவன், வெளிய தெரியக்கூடாதுன்னு வேற மீனக் கொண்டாந்து உட்டிருக்கறான்!"

அதை நான் சட்டென்று நம்பிவிட்டேன். ஏனென்றால் முதல் நாள் பொழுது சாய்கிற நேரத்தில், யுவராஜ் கையில் ஒரு நீலக் கேனோடு குழிப் பக்கம் ஏறிப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். எஸ்டேட்டில் மருந்து வருமே, அதே மாதிரிக் கேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் என் மனசு என்ன கணக்குப் போட்டது தெரியுமா? தண்ணீர் கெட்டுப்போனால் பெண்டாட்டியைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விடலாமே, அதற்காகச் செய்கிறானோ! அமைதியாக இருக்கிறவன் அழுத்தக்காரனாகத்தான் இருப்பான். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, கேனைப் பற்றி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஒருத்தராவது உள்ளதச் சொன்னீங்களே" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான்.

புது மீன்களும் நிலைக்கவில்லை. ஒவ்வொன்றாக, மூன்று வாரத்துக்குள் ஏழும் போய்விட்டன. கடைசி மீன் மிதந்த காலை அம்மாசி அண்ணன் குழாயில் கட்டையை இறுக அடித்துவிட்டு, நாலாவது வீட்டுப் பெரியண்ணனைக் கூப்பிட்டார். பெரியண்ணன் இங்கே வழக்குப் பேசுகிறவர். அன்று ஞாயிற்றுக்கிழமை, யுவராஜ் காலையிலேயே வந்துவிட்டான். அவனைக் குழிக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சிக்கு என்னையும் வரச் சொன்னார்கள்.

பெரியண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங் தம்பி, கேன்ல என்னத்தக் கொண்டாந்து ஊத்துனீங்க? டீச்சர் பாத்திருக்கறாங்க."

யுவராஜ் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊத்தலீங்க, மீனு கொண்டாந்து உட்டனுங்க" என்றான். "எங்க எஸ்டேட்டு ஓடைல புடிச்சது. மீனு கொறையக் கொறைய மாமா சோறு திங்கறதில்ல, எந்நேரமும் வெசனமாவே இருக்கறாருன்னு புஷ்பா அழுதுச்சுங்க. ஏழா இருந்தாத் தூங்குவாரேன்னு உட்டேன். வேறொண்ணுமில்லீங்க."

"கேட்டுக்கங்க கதைய!" என்று அம்மாசி அண்ணன் கையைத் தட்டினார். "மாமன் தூங்கறதுக்கு மீனு புடிச்சாந்தானாமா! பெரியண்ணா, சேர்வராயஞ்சாமி இருக்கற தெசையப் பாத்து, சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. பண்ணமாட்டான், பாருங்க."

"பண்றனுங்க. மடில கனமில்லீங்க."

கீழே வீட்டு வாசலிலிருந்து ஒரு சத்தம். புஷ்பா எழுந்து வந்திருந்தாள். எட்டாவது மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, பாதையின் அடியில் நின்று கத்தினாள்.

"அப்பா! அவரச் சத்தியம் பண்ண வெச்சீங்கன்னா, இந்த ஊட்டுல நான் ஒரு நிமிசம் இருக்கமாட்டேன். எம்புள்ளையும் உங்க வாசல மிதிக்காது."

"நீ உள்ள போ சாமி. உனக்காகத்தான் எல்லாம் பண்றேன்" என்றார் அண்ணன்.

குழியின் ஓரத்துக் கல்லில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் அந்த நெருப்பைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டேன். யுவராஜ் குந்தி உட்கார்ந்தான். சரிவில் வழுக்காமலிருக்க, இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு கல்லில் ஊன்றினான். ஊன்றியவன் அந்தக் கல்லைத் தடவினான். பக்கத்துக் கல்லையும் தடவினான். பிறகு உள்ளங்கையை வெளியே எடுத்துப் பார்த்தான்.

"ஏனுங் மாமா, கல்லெல்லாம் எப்புடி இத்தன வெளுப்பா இருக்குது?"

"வெளுப்பாத்தான் இருக்கும்" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "மக வந்த நாள்ல இருந்து நாந்தான் தேய்க்கறேன். தேங்காநாரு போட்டு, கம்பி பிரஷ்ஷு போட்டு, மூணு நாளைக்கொருக்கா எறங்கித் தேய்க்கறேன். கல்லு மேல பச்சையா, வழவழன்னு, எவனோ என்னத்தையோ தடவி வெச்சிருந்தான். தேய்க்கத் தேய்க்க மறுக்கா வந்துச்சு. உட்டனா நானு?"

இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ராசம்மா அக்காவுக்கே தெரியாது. வெளியே சொன்னால் செய்தவன் உஷாராகிவிடுவான் என்று விடியும்முன் போய் ரகசியமாகத் தேய்த்திருக்கிறார்.

யுவராஜின் குரல் இறங்கியிருந்தது. அதில் கேலி இல்லை, கோபம்கூட இல்லை.

"அது பாசிங்க மாமா. யாரும் தடவுனதில்லீங்க. கல்லொட்டிக்கு அதுதானுங்க சோறு. வாயி அடில இருக்கறதே கல்ல வழிச்சுத் திங்கத்தான். சின்ன வயசுல எஸ்டேட்டு ஓடைல குப்புறப் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பனுங்க. வெறுந்தண்ணியத் தின்னு எந்த உசுருங்க பொழைக்கும்?"

பெரியண்ணன் ஓரத்தில் கிடந்த செத்த மீனை எடுத்து, வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். அத்தனை மீனும் பட்டினி கிடந்து செத்திருக்கிறது. கண்ணெதிரே வயிறு ஒட்டிக் கிடந்தும், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற எனக்கு அது தோன்றவில்லையே! அம்மாசி அண்ணன், "பொய்யி" என்றார். "பொய்யி சொல்றான்" என்று மறுபடி சொன்னார், ஆனால் குரல் எழும்பவில்லை. குழியில் இறங்கி, கல்லைத் தடவி, கையை முகர்ந்து பார்த்தார். தண்ணீரிலேயே நின்றுவிட்டார்.

"சரி, உடுங்கப்பா. சூடத்த ஊதி அணைங்க, சத்தியமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் பெரியண்ணன்.

யுவராஜ் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தான். "எம்பொண்டாட்டி குடிக்கற தண்ணில நான் எதையும் கலக்கலீங்க. இது சத்தியம்" என்றான். பிறகு மாமனாரைப் பார்த்து, "கேட்டீங்க, குடுத்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நாங்கள் கீழே வருவதற்குள் புஷ்பா துணிப்பையோடு பைக் பக்கத்தில் நின்றாள். ராசம்மா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அடிவாரத்தில் யுவராஜின் அக்கா சுகுணா வீடு இருக்கிறது, அங்கே போகப் போகிறார்களாம். கார் ஒன்று வெள்ளக்கடை தார் ரோட்டுக்கு வரச் சொல்லியாயிற்று. அது இந்த மண் ரோட்டில் ஏறி வரும்வரை நிற்கமாட்டாளாம், ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டாளாம். குண்டும் குழியுமான ரோடு. டாக்டரம்மா ஏறாதே என்று சொன்னது இந்த மாதிரி வண்டியில்தான், இந்த மாதிரி ரோட்டில்தான்.

அம்மாசி அண்ணன் ஈர வேட்டியோடு ஓடி வந்து பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். மகள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் மருமகனைப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா. காரு வரட்டும்னு சொல்லுங்க."

நாலு வருடத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளை என்கிறார். யுவராஜின் கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன்.

"நான் சொன்னாக் கேப்பாதானுங்க மாமா. ஆனா சொல்றதுக்கு எனக்கு வாய் வரலீங்க."

வண்டியை எடுத்தான். முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி, நடக்கிற வேகத்தில். அம்மாசி அண்ணன் கையை எடுத்துவிட்டார். எடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? வண்டிக்கு முன்னால் ஓடினார். ரோட்டில் கிடந்த கல்லை எல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கி ஓரத்தில் எறிந்தார். பெரிய கல்லைக் காலால் தள்ளினார். குழி வந்தால், "எடது பக்கமா வாங்க, எடது பக்கமா" என்று கையைக் காட்டினார். அறுபத்திரண்டு வயது ஆள், இரண்டு கிலோமீட்டர், ஒரு இடத்தில் நிற்கவில்லை. பின்னாலேயே நடந்துபோன நானும் ராசம்மா அக்காவும் வாய்விட்டு அழுதோம். போதும் அப்பா என்று புஷ்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தார் ரோடு வந்தது, கார் நின்றது, அவள் ஏறினாள், கார் போயிற்று. அவர் இரண்டு கையிலும் கல்லோடு ரோட்டோரத்தில் நின்றார்.

டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினெட்டு நாள் முன்னதாகவே சேலத்தில் பிரசவமானது. பெண் குழந்தை, இரண்டு கிலோதான் இருந்தது, ஆனால் ஒரு குறையும் இல்லை. நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ராசம்மா அக்கா போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். அம்மாசி அண்ணன் போகவில்லை. எங்களோடும் பேச்சைக் குறைத்துவிட்டார். குழாய்க் கட்டையை என்னிடம் கொடுத்து, "இனி நீங்களே தொறந்து உடுங்க டீச்சர்" என்றார். வியாபாரி வந்தால் தராசைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திருந்திவிட்டார் என்று பெரியண்ணன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புஷ்பா இங்கிருந்து போய் நாலு மாதம் கழித்து, ஒரு காலையில் யுவராஜ் ஒரு காரில் மனைவியையும் குழந்தையையும் கூட்டி வந்தான். புஷ்பா சொன்ன சொல்லை விடவில்லை. வாசல்படி ஏறாமல் காப்பி காயப்போடும் களத்திலேயே நின்றாள். செய்தி கேட்டு நானும் ஓடினேன். முதலில் யுவராஜிடம் போய், "தம்பி, அன்னைக்குக் கேன் விஷயத்தை நான் உங்ககிட்டக் கேட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "தெரியுமுங்க டீச்சர். உடுங்க" என்றான். சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கவேண்டும்?

அம்மாசி அண்ணன் களத்து ஓரத்தில் குந்தியிருந்தார். புஷ்பா அவர் முன்னால் போய், குழந்தையை நீட்டினாள். அவர் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"வேண்டாங் கண்ணு. இந்தக் கைய நம்பிக் குடுக்காத. நல்லது பண்றேன்னு நெனச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியல."

இந்த நாலு மாதமும் அந்த மனுஷன் யாரைக் காவல் காத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. புஷ்பா அவரை வெறித்துப் பார்த்தாள். கோபம் அவளுக்கு முழுசாகப் போகவில்லை, முகத்திலேயே தெரிந்தது. "எனக்குக் கை வலிக்குது, புடிங்க" என்று சொல்லி, குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். அவர் கையைக் கொண்டுவரவே இல்லை. குழந்தை மடியில் சரிகிறது, தலை ஒரு பக்கம் தொங்குகிறது, "ராசம்மா, ஓடியா, ஓடியா" என்று பதறுகிறார், கை மட்டும் முன்னால் வரவில்லை.

யுவராஜ்தான் போனான். அவர் பின்னால் குந்தி, அவருடைய வலது கையை இழுத்துக் கொண்டுவந்து குழந்தையின் பிடரிக்குக் கீழே வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

"கழுத்தத் தாங்கிப் புடிங்க மாமா. அவ்வளவுதானுங்க. உங்களுக்கு வரும்."

அவர் பிடித்தார். யுவராஜ் தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். அம்மாசி அண்ணன் ஓவென்று அழுதுவிட்டார், அந்தச் சத்தத்தில் குழந்தையும் பயந்து வீறிட்டது, ஆனாலும் அவர் கையை விடவில்லை.